பழைய கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

வேலையை விட்டு ஊருக்கு வந்து சில மாதம் கழித்து, பழைய முதலாளியின் வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வரும். பாண்டை (இத்தனை காலம் வேலை பார்ப்பேன், முன்பே விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்ததை) மீறிவிட்டீர்கள், முன்கூட்டிச் சொல்லாமல் விலகியதற்கான நோட்டீஸ் காலச் சம்பளம் பாக்கி, தொழில் ரகசியத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், 15 நாளில் இத்தனை லட்சம் கட்டாவிட்டால் சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுப்போம் என்று அதில் இருக்கும். எனக்கும் வந்தது. கேட்டிருந்த தொகையில் பெரும்பகுதிக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று தெரியவருவதற்குள் வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிய கடிதம். கோர்ட்டில் இன்னும் எதுவும் தொடங்கவில்லை. அதை வைத்து உங்களைக் கைது செய்யவோ, சொத்தை ஜப்தி செய்யவோ முடியாது. அம்மா அப்பாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். “கோர்ட்டிலிருந்து ஏதோ வந்திருக்காம்” என்று தெருவில் பேச்சு கிளம்புவதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.

1. கடிதத்தை வாங்குங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் நோட்டீஸ் வராத மாதிரிதான் என்று யாராவது சொல்வார்கள். அது தவறு. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் “வாங்க மறுத்தார்” என்று திரும்பினால், அதை உங்களிடம் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவது மட்டும்தான் மிச்சம்.

நம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆதாரில் இருப்பது ஊர் வீட்டு முகவரி. அந்த வீடோ பல பங்காளிகளுக்குப் பொது. பாதி நாள் பூட்டிக் கிடக்கும், அல்லது காவலுக்கு ஒரு பெரியவர் மட்டும் இருப்பார். கம்பெனி உங்கள் நிரந்தர முகவரிக்குத்தான் அனுப்பும். தபால்காரர் வந்து பார்த்து, “வீடு பூட்டியிருக்கிறது” என்று எழுதிக்கொண்டு போவார். சில நாள் போஸ்ட் ஆபீசில் இருந்துவிட்டு அது திரும்பிவிடும். ஆகவே வேலையை விட்டதுமே செய்ய வேண்டியது, ஊர் போஸ்ட் ஆபீசில் உங்கள் பெயருக்கு எது வந்தாலும் போன் செய்யச் சொல்லி நம்பர் கொடுத்து வைப்பது. நீங்கள் வெளியூரில் இருந்தால், தபாலை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒருவருக்கு எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்துவிடுங்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் உறையின் மேல் வாங்கிய தேதியை எழுதி, முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். உறையில் இருக்கும் தபால் எண்ணை இந்தியா போஸ்ட் தளத்தில் போட்டு, எப்போது டெலிவரி ஆனது என்ற பக்கத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வையுங்கள். பல மாதம் கழித்துத் தேடினால் அந்த விவரம் கிடைக்காது. கெடு எல்லாம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்துதான் ஓடும், அதனால் உறைதான் உங்கள் முதல் சாட்சி.

2. எந்த வகை நோட்டீஸ் என்று பாருங்கள்

மற்ற எதையும்விட இது முக்கியம். பார்வைக்கு எல்லா நோட்டீசும் ஒன்று போலவே இருக்கும். ஆனால் சிலவற்றில் மட்டும் கெடு சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

சாதாரண நோட்டீஸ்: பாண்டு பணம், நோட்டீஸ் காலச் சம்பளம், நஷ்ட ஈடு கேட்பது. இதில் 7 நாள், 15 நாள் என்று இருப்பது அந்த வக்கீல் வைத்த கெடு. தாண்டிவிட்டால் உரிமை போய்விடாது. ஆனாலும் கெடுவுக்குள் பதில் போடுவதுதான் நல்லது. பதிலே போடாமல் இருந்தால், “அப்போதே மறுக்கவில்லையே” என்று பிற்பாடு கோர்ட்டில் அதையே காட்டுவார்கள்.

செக் நோட்டீஸ்: வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டு வெறும் செக் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் தொகையை நிரப்பி பாங்கில் போட்டு, திரும்பியதும் 138-ஆவது பிரிவில் நோட்டீஸ் அனுப்புவார்கள். “நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்” அல்லது “மாற்றுமுறை ஆவணச் சட்டம்” என்ற சொல், செக் எண், பாங்க் மெமோ (செக் திரும்பியதற்கு பாங்க் தரும் சீட்டு) தேதி ஆகியவை நோட்டீசில் இருந்தால் அன்றைக்கே வக்கீலிடம் போங்கள். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து 15 நாள் என்பது சட்டம் வைத்த கெடு. அது முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் அவர்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போடலாம். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

“நான் கொடுத்தது வெறும் செக், அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்” என்று சொன்னால் மட்டும் போதாது. கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் இருந்தது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது நீங்கள். உச்ச நீதிமன்றம் 2019-இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலோ கணக்கை மூடினாலோ தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. இன்னொன்று, வழக்கு பொதுவாக அவர்கள் செக்கைப் போட்ட பாங்க் கிளை இருக்கும் ஊரில்தான் நடக்கும். கம்பெனிக்குக் கோவையில் கணக்கு இருந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் கோவைக்குப் பஸ் ஏற வேண்டும். செக் அப்பாவுடையது என்றால் நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும், பதிலும் அவர் பெயரில்தான் போக வேண்டும்.

ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ்: ஒப்பந்தத்தில் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வது என்று ஒரு விதி இருந்தால், நடுவரை நியமிக்கச் சம்மதம் கேட்டு வரும். இதற்கு 30 நாள். கம்பெனியே தனக்குப் பிடித்தவரை ஒருதலையாக நடுவராக நியமிக்க முடியாது. அதை எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

கிரிமினல் குற்றம் சொல்லும் நோட்டீஸ்: லேப்டாப்பைத் திருப்பித் தரவில்லை, வசூல் பணத்தைக் கையாடினார், வாடிக்கையாளர் பட்டியலைத் திருடினார் என்பவை. நம்பிக்கை மோசடி என்றால் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவு, ஊழியர் செய்ததென்றால் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. இதற்கு நீங்களாகப் பதில் எழுதவே கூடாது. முன்ஜாமீன் தேவையா என்று வக்கீல்தான் பார்க்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால், புகாருக்கு சி.எஸ்.ஆர் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஸ்டேஷன் பதிவு) போட்டிருக்கிறார்களா என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் உட்கார வைத்து “கட்டிவிடுகிறேன்” என்று எழுதிக் கேட்டால், வக்கீல் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. காகிதங்களைத் திரட்டுங்கள்

ஒரே ஃபைலில் தேதிவாரியாக அடுக்குங்கள்:

- ஆஃபர் லெட்டர், அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர், பாண்டு, கையெழுத்துப் போட்ட மற்ற எல்லா ஒப்பந்தமும்
- சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான பாங்க் ஸ்டேட்மென்ட்
- ராஜினாமா மெயில், அதற்கு வந்த பதில், ரிலீவிங் லெட்டர் இருந்தால் அது
- பொருள்களைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீது
- பி.எஃப் பாஸ்புக், படிவம் 16
- மேலதிகாரியோடு பேசிய வாட்ஸ்அப், மெயில்கள்

கம்பெனி மெயில் முடங்கியிருந்தால், உங்கள் சொந்த மெயிலுக்கு வந்தவற்றைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நிறுத்தாமல் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அந்தப் போனை விற்கவும் வேண்டாம், ரீசெட் செய்யவும் வேண்டாம். மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் காட்டப் புதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், மூலக் கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

கம்பெனி லேப்டாப் இன்னும் உங்களிடம் இருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ, பெட்டியில் வைக்கும்போது ஒரு வீடியோ, கூரியர் ரசீது, இவை போதும். அனுப்பும் முன் ஃபார்மட் செய்யாதீர்கள். சொந்தப் போட்டோ இரண்டை அழிக்கப் போய், “ஆதாரத்தை அழித்தார்” என்ற குற்றச்சாட்டு வந்து சேரும்.

ஊரிலேயே வேலை பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆர்டர் எதுவும் இருக்காது. கானாடுகாத்தான் பக்கத்து ஹோட்டலோ, புதுவயல் அரிசி ஆலையோ, காரைக்குடி நகைக்கடையோ, வாய்ப்பேச்சில் சேர்ந்து, சர்டிபிகேட்டையும் புரோநோட்டையும் கொடுத்திருப்பீர்கள். அப்படியென்றால் பாங்க் வரவு, பி.எஃப், ஈ.எஸ்.ஐ பதிவு, வருகைப் பதிவின் போட்டோ, கூட வேலை பார்த்தவர்கள் ஆகியவைதான் உங்கள் ஆதாரம். எந்தத் தேதியில், யார் முன்னால் எந்த ஆவணத்தைக் கொடுத்தீர்கள் என்று நினைவு மங்குவதற்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. கேட்கும் தொகையை வரி வரியாகப் பிரியுங்கள்

மொத்தத் தொகையைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால் தெளியும். உதாரணத்துக்கு, மாதம் 30,000 ரூபாய் வாங்கிய ஒருவரிடம் இப்படிக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: பாண்டு 2,00,000, இரண்டு மாத நோட்டீஸ் சம்பளம் 60,000, இவற்றுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி 46,800, நோட்டீஸ் செலவு 10,000. ஆக 3,16,800.

ஜி.எஸ்.டி-யை முதலில் அடியுங்கள். இடையில் வேலையை விட்டுப் போகும் ஊழியரிடம் பிடிக்கும் சம்பளத்துக்கோ பாண்டு தொகைக்கோ ஜி.எஸ்.டி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கையே போட்டுவிட்டது. அதன் எண் 178. பதிலில் அந்த எண்ணைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் செலவு என்பதையும் கோர்ட் உத்தரவு இல்லாமல் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கு ஆர்டரை எடுத்துப் படியுங்கள். அடிப்படைச் சம்பளமா, மொத்தச் சம்பளமா? அடிப்படை 15,000 என்று இருந்து, ஆர்டரிலும் “அடிப்படைச் சம்பளம்” என்றே எழுதியிருந்தால், 60,000 பாதியாகிவிடும். நீங்கள் வேலை பார்த்த நோட்டீஸ் நாள்கள், கணக்கில் இருந்த விடுமுறை, அவர்கள் பிடித்து வைத்த கடைசி மாதச் சம்பளம் எல்லாவற்றையும் கழியுங்கள். இதில் மிச்சம் ஏதாவது நிற்கிறது என்றால், அது நீங்கள் நியாயமாகக் கொடுக்க வேண்டியது. கொடுத்து முடிப்பதே நல்லது என்பது என் கருத்து, ஆனால் 9-ஆவது படியில் சொல்கிற மாதிரி எழுத்தில் வாங்கிக்கொண்டு.

பாண்டு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறாகச் சொல்வார்கள். பாண்டு என்றாலே செல்லாது என்று ஒரு கூட்டம், எழுதிய தொகையை அப்படியே கட்டித்தான் ஆக வேண்டும் என்று இன்னொரு கூட்டம். உண்மை நடுவில் இருக்கிறது. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. அதே சமயம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகை என்பது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும். ஆகவே பதிலில் கேட்க வேண்டிய கேள்விகள்: எனக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள்? எங்கே, எத்தனை நாள்? அதற்கு எவ்வளவு செலவானது, பில் எங்கே? 24 மாத பாண்டில் நான் 20 மாதம் வேலை பார்த்திருக்கும்போது முழுத் தொகையை எப்படிக் கேட்கிறீர்கள்? சேர்ந்த நாளிலிருந்தே சீட்டில் உட்கார வைத்து வேலை வாங்கிய கம்பெனிக்கு இதற்குப் பதில் சொல்வது கடினம்.

“ஒரு வருடத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது” என்ற விதி பற்றிப் பயப்படாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவு, பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது போட்டிக் கம்பெனிக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது செல்லும். வெளியேறிய பிறகு தடுப்பது செல்லாது. ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல், டிசைன் ஆகியவற்றை எடுத்துப் போய்ப் பயன்படுத்துவது வேறு விஷயம், அதற்குத் தடை வாங்க முடியும். அப்படி ஏதாவது உங்கள் பென்டிரைவிலோ மெயிலிலோ கிடந்தால் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் காலக்கெடுவைப் பாருங்கள். ஒப்பந்த மீறலுக்குப் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான். நீங்கள் விலகியது அதற்கும் முந்தி என்றால் நோட்டீசுக்குப் பல் இல்லை.

5. பதில் போகும் வரை யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

பயத்தில் எல்லோரும் செய்வது, பழைய ஹெச்.ஆருக்கு ஒரு வாட்ஸ்அப்: “சார், கொஞ்சம் டைம் கொடுங்க, கட்டிடறேன்.” இந்த ஒரு வரி உங்களுக்கு எதிரான ஆவணம். கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால், லிமிடேஷன் சட்டத்தின் (வழக்குப் போடும் காலக்கெடுவைச் சொல்லும் சட்டம்) 18-ஆவது பிரிவுப்படி மூன்று வருடக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். “ஒரு ஐயாயிரம் போட்டு வைக்கிறேன், அமைதியாவார்கள்” என்று அனுப்புவதும் அப்படித்தான் பேசும்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் செய்து விளக்கம் சொல்லவும் வேண்டாம். அவர் மரியாதையாகத்தான் பேசுவார், ஆனால் அவருடைய கட்சிக்காரர் நீங்கள் இல்லை. ஃபேஸ்புக்கில் கம்பெனியைத் திட்டி எழுதினால், அவதூறு என்று இன்னொரு நோட்டீசுக்கு வழி திறக்கும்.

இதைவிடக் கஷ்டமானது சொந்தக்காரர் விவகாரம். நம் பக்கத்தில் வேலை பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லிக் கிடைப்பது. முதலாளி உங்கள் பெரியப்பாவின் சிநேகிதராகவோ, ஒரே கோயில் பங்காளியாகவோ இருப்பார். “வக்கீலெல்லாம் எதுக்குப்பா, நான் பேசிக்கிறேன்” என்று பெரியவர்கள் கிளம்புவார்கள். அவர்கள் மனம் நோகாமல், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: “பேசுங்க பெரியப்பா, வேணாம்னு சொல்லலை. பதில் நோட்டீஸ் போன பிறகு பேசுங்க. தொகை எதையும் நம்ம சார்பா ஒத்துக்காதீங்க.” பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. செக் நோட்டீசில் இதை நம்பி 15 நாளைக் கோட்டை விட்டால் மீட்க முடியாது.

6. வக்கீல், செலவு

சாதாரண நோட்டீசுக்குக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வக்கீலே போதும். சென்னைக் கம்பெனி என்பதற்காகச் சென்னை வக்கீலைத் தேட வேண்டாம். பதில் நோட்டீஸ் எங்கிருந்து வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ஒப்பந்தத்தில் “சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்” என்று ஒரு விதி இருக்கிறதா பாருங்கள். வழக்கு என்று வந்தால் அங்கே போக வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் மனதில் வைத்துத்தான் சமரசமா வழக்கா என்று முடிவெடுக்க வேண்டும்.

சிவில், தொழிலாளர் வழக்குப் பார்ப்பவராகத் தேடுங்கள். அதே முதலாளிக்கு ஏற்கனவே வேலை பார்த்தவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சின்ன ஊரில் இது சகஜம், கேட்பதில் தவறில்லை. கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், பதில் நோட்டீசுக்குப் பொதுவாகச் சில ஆயிரங்களில் முடியும். தொகையை முன்கூட்டிப் பேசி, பதில் நோட்டீசுக்கு மட்டுமா, பிறகு பேச்சுவார்த்தைக்கும் சேர்த்தா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பதில் நோட்டீசுக்குப் பத்திரத்தாள் வேண்டாம், கோர்ட் கட்டணமும் இல்லை. அதற்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணமில்லை என்பதற்காகப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். இலவச சட்ட உதவி இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் கோர்ட்டுகளில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது, மாவட்ட ஆணைக்குழு சிவகங்கையில். உங்கள் ஊர் ராயவரம், கோனாபட்டு, பொன்னமராவதிப் பக்கம் என்றால் நீங்கள் புதுக்கோட்டை மாவட்டம், அங்கே போக வேண்டும். போனில் கேட்க 15100. ஆதார், நோட்டீஸ் நகல், சாதி அல்லது வருமானச் சான்று எடுத்துப் போங்கள்.

7. பதிலில் என்ன இருக்க வேண்டும்

வக்கீல் எழுதிக் கொடுப்பதைப் படிக்காமல் அனுப்ப விடாதீர்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் ஒவ்வொரு பத்திக்கும் தமிழில் அர்த்தம் கேளுங்கள். தேதி, சம்பளம், பெயர் எல்லாம் உங்கள் ஃபைலோடு ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் நாளைக்கு வழக்கு வந்தால் உங்கள் எதிர்வாதம் இதிலிருந்துதான் தொடங்கும்.

நோட்டீசின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் இருக்க வேண்டும். மறுக்காமல் விட்ட பத்தியை ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். உண்மையானதை ஒப்புக்கொள்ளலாம்: இந்தத் தேதியில் சேர்ந்தேன், இந்தத் தேதியில் ராஜினாமா கொடுத்தேன். கணக்கும் பாண்டும் 4-ஆவது படியில் பார்த்தபடி. நீங்கள் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லும் ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால், அதை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பார்க்காத காகிதத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

அப்புறம் உங்களுக்கு வர வேண்டியது. இதைப் பலர் கேட்பதே இல்லை. ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது, 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு: கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, அசல் சர்டிபிகேட், வெறும் செக், புரோநோட்டு எல்லாவற்றையும் பெயர் சொல்லி, எண் சொல்லித் திருப்பிக் கேளுங்கள். வெறும் செக் அவர்களிடம் இருக்கிறது, எந்தக் கடனுக்காகவும் கொடுத்ததில்லை என்று அவர்கள் அதை பாங்கில் போடுவதற்கு முன்பே எழுத்தில் பதிவாகிவிட்டால், பின்னால் அது பெரிய பலம்.

முடிவில், உங்கள் மற்ற உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் இந்தப் பதில் அனுப்பப்படுகிறது என்ற வரி இருக்கட்டும். கோபம், வசை, மிரட்டல் எதுவும் வேண்டாம். நீதிபதி ஒருநாள் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

8. அனுப்புவது

பழைய ரெஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் “ஸ்பீடு போஸ்ட், ரெஜிஸ்ட்ரேஷனோடு, அக்னாலெட்ஜ்மென்ட்டும் வேண்டும்” என்று கேளுங்கள். சில தாள் கடிதத்துக்குச் செலவு பெரிதில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. அதே நாள் வக்கீலின் மெயிலிலிருந்தும் அனுப்பச் சொல்லுங்கள். தனியார் கூரியரை மட்டும் நம்ப வேண்டாம். ரசீது, டெலிவரி பக்கத்தின் பிரிண்ட், கையெழுத்துப் போட்ட பதிலின் நகல் மூன்றையும் ஃபைலில் சேருங்கள்.

9. பேசி முடிப்பதென்றால்

பதில் போன பிறகு பெரும்பாலும் ஒரு அழைப்பு வரும், தொகையும் இறங்கும். பணம் கேட்டு வழக்குப் போட வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். மூன்று லட்சத்துக்கு 9,000, அதற்கு மேல் வக்கீல் செலவு, வருடக்கணக்கில் காத்திருப்பு. அவர்களும் இதைக் கணக்குப் போடுவார்கள்.

சமரசத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள், பஞ்சாயத்துப் பேசியவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. கம்பெனி லெட்டர் ஹெட்டில், அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோடு, “இந்தத் தொகையோடு எல்லாப் பாக்கியும் முழுமையாகத் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, நோட்டீசைத் திரும்பப் பெறுகிறோம்” என்று எழுதி வாங்க வேண்டும். பணத்தை பாங்க் மூலம் கம்பெனிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், மேனேஜரின் ஜி-பே நம்பருக்கு வேண்டாம். செக், புரோநோட்டு, சர்டிபிகேட் உங்கள் கைக்கு வந்த அதே இடத்தில், அதே நேரத்தில் பணம் போகட்டும். “அப்புறம் தேடித் தருகிறோம்” என்றால் நீங்களும் அப்புறம் தாருங்கள்.

இரண்டு பக்கமும் இறங்கி வர மனமிருந்தால், வழக்குப் போடுவதற்கு முன்பே சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம். கட்டணம் இல்லை. அங்கே எழுதும் உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. சொந்தக்காரர் நடுவில் இருக்கும் தகராறுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அப்பீல் கிடையாது என்பதால் தொகையை நன்றாக யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

10. அதற்குப் பிறகு

பல நோட்டீஸ்கள் பதிலோடு நின்றுவிடும். ஆனாலும் ஃபைலை மூன்று வருடத்துக்காவது வைத்திருங்கள். ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் பெயரைப் போட்டு அவ்வப்போது பாருங்கள், காரைக்குடி மட்டுமில்லாமல் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஊரிலும். புதிய வேலையில் சேர விடாமல் தடை வாங்குவார்கள் என்ற சந்தேகம் இருந்தால், அந்தக் கோர்ட்டில் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்ற மனு) போட்டு வைக்கலாம். 90 நாளுக்கு உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கொடுக்க மாட்டார்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் புதிதாகப் போட வேண்டும்.

கோர்ட் முத்திரையோடு சம்மன் வந்தால் அது வேறு கட்டம். சாதாரண சிவில் வழக்கில் எதிர்வாதம் தாக்கல் செய்ய 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிப்பார்கள். புரோநோட்டையோ எழுதிய ஒப்பந்தத்தையோ வைத்துச் சுருக்க விசாரணை வழக்காகப் போட்டிருந்தால், ஆஜராவதற்கே 10 நாள்தான். சம்மனில் “ஆணை 37” (இந்தச் சுருக்க விசாரணைக்கான சிவில் நடைமுறை விதி) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்கிய அன்று மாலைக்குள் வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள்) கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.